கேசியோ 991இஎக்ஸ்: ‘ஃபேக்ட்’ பொத்தானும் அது போடும் அடைப்புக்குறியும்

பொறியியல் மாணவர்களின் பையில் கிடக்கும் கேசியோ எஃப்எக்ஸ்-991இஎக்ஸ் கால்குலேட்டரில், பாகை-நிமிடம்-நொடி போடும் பொத்தானுக்கு மேலே சின்ன எழுத்தில் ‘ஃபேக்ட்’ என்று அச்சிட்டிருக்கும். நாலு வருஷப் படிப்பு முடியும்வரை அதைத் தொடாதவர்களே அதிகம். ஒரு முழு எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்துக் காட்டுவது அதன் வேலை. முந்தைய 991இஎஸ் பிளஸ்ஸிலும் அதே இடத்தில் உண்டு. அதற்கும் முந்தைய 991எம்எஸ்-இன் பழைய பதிப்பில் கிடையாது. புதிய 991சிடபிள்யூவில் ‘ஃபார்மேட்’ பொத்தானை அழுத்தி வரும் பட்டியலுக்குள் தேட வேண்டும். அணி, தொகையீடு, சமன்பாடு எல்லாவற்றையும் பற்றி ஏற்கெனவே ஏகப்பட்ட மதிப்புரைகள் இருக்கின்றன. இங்கே பார்ப்பது இந்த ஒரு பொத்தானை மட்டும்தான்: பெரிய முழு எண்ணைக் கொடுத்தால் அது எதுவரை தாங்கும், எங்கே கைவிரிக்கும், கைவிரித்த இடத்திலிருந்து நாம் எப்படித் தொடர்வது.

இயக்குவது எளிது. எண்ணை அடித்து சமக்குறி போடவும். விடை திரையில் நிற்கும்போது ஷிஃப்ட், பிறகு ஃபேக்ட். மறுபடி அதையே அழுத்தினால் பிரிக்காத எண் திரும்பி வரும். எண் நேராகத் தட்டியதாக இருக்க வேண்டியதில்லை. 2³² + 1 என்று கணக்காகக் கொடுத்தாலும் விடையைப் பிரிக்கும். நிபந்தனைகள் இரண்டு. விடை மிகை முழு எண்ணாக இருக்க வேண்டும். பத்து இலக்கத்துக்குள் அடங்க வேண்டும். தசமமோ பின்னமோ குறை எண்ணோ திரையில் இருக்கும்போது ஃபேக்ட் அழுத்தினால் ‘மேத் எரர்’ என்று முகத்தில் அடிக்கும். நம்மூர் கைபேசி எண்ணும் சரியாகப் பத்து இலக்கம் என்பதால், வாங்கிய அன்றே எல்லோரும் பிரித்துப் பார்ப்பது அதைத்தான்.

முதலில் நல்ல பக்கம். 1111111111 என்று பத்து ஒன்றுகளைக் கொடுத்தால் 11 × 41 × 271 × 9091 என்று முழுசாகப் பிரித்துத் தருகிறது. இதைக் காகிதத்தில் செய்ய உட்கார்ந்தால் 11 உடனே அகப்படும், 41 கொஞ்சம் தேடினால் கிடைக்கும், 271-க்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். 1000003 கொடுத்தால் அதையே திருப்பிக் காட்டும். அது பகா எண் என்று அர்த்தம்.

இப்போது 2³² + 1, அதாவது 4294967297. கணிதர் ஃபெர்மா இதைப் பகா எண் என்று நம்பினார். 1732-இல் இன்னொரு கணிதர் ஆய்லர், 641 இதை வகுக்கும் என்று காட்டி அந்த நம்பிக்கையை முடித்துவைத்தார். கால்குலேட்டர் திரையில் வருவது 641 × (6700417). அந்த அடைப்புக்குறி அழகுக்குப் போட்டது இல்லை. ‘இதற்கு மேல் எனக்குத் தெரியாது’ என்று கருவி ஒத்துக்கொள்ளும் இடம் அது. 6700417 பகா எண்தான். ஆனால் கருவிக்கு அது தெரியாது.

ஏன் தெரியாது என்பதற்கான விடை கேசியோ கையேட்டிலேயே ஓர் ஓரமாக இருக்கிறது. காரணிகளில் ஒன்று 1018081 அல்லது அதற்கு மேற்பட்ட பகா எண்ணாக இருந்தால் பிரிக்க முடியாது, மூன்று இலக்கத்துக்கு மேற்பட்ட பகாக் காரணிகள் இரண்டு இருந்தாலும் பிரிக்க முடியாது என்கிறது கையேடு. 1018081 என்பது என்னமோ எடுத்துப் போட்ட எண் போலத் தெரியும். ஆனால் அது 1009-இன் வர்க்கம். 1009 என்பது முதல் நான்கு இலக்கப் பகா எண். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உள்ளே நடப்பது புரிந்துவிடும். கருவி மூன்று இலக்கம் வரையான பகா எண்களால், அதாவது 2-இலிருந்து 997 வரை உள்ள 168 எண்களால், வகுத்துப் பார்க்கிறது. எல்லாம் முடிந்து மிஞ்சியது 1009-இன் வர்க்கத்துக்குக் கீழே இருந்தால், அது கட்டாயம் பகா எண். ஏனென்றால் பகு எண்ணாக இருந்தால் அதன் சிறிய காரணி 1009-க்குக் கீழே விழுந்து ஏற்கெனவே மாட்டியிருக்கும். அதனால்தான் 9091-க்கும் 1000003-க்கும் அடைப்புக்குறி இல்லை. மிஞ்சியது 1018081-ஐத் தொட்டுவிட்டால் இந்த வாதம் செல்லாது. கருவி அடைப்புக்குறி போட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பத்து இலக்கம் முழுவதையும் சந்தேகமில்லாமல் பிரிக்க ஒரு லட்சம் வரையான பகா எண்கள் தேவை. அவை 9592. கையடக்கக் கருவி 168-ஓடு நிறுத்திக்கொண்டது.

இங்கே பலரும் சறுக்குவது இரண்டு விதத்தில். அடைப்புக்குறிக்குள் இருப்பது பகு எண் என்று எடுத்துக்கொள்வது ஒரு தப்பு, பகா எண் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு தப்பு. 1022117 கொடுத்தால் (1022117) என்று வரும், அது 1009 × 1013. 9999999967 கொடுத்தாலும் அடைப்புக்குறிதான், அதுவோ பத்து இலக்கத்தில் மிகப் பெரிய பகா எண். இரண்டுக்கும் திரையில் துளி வித்தியாசம் கிடையாது. ஆனாலும் அந்த அடைப்புக்குறி சும்மா இல்லை, ஒரு தகவலைத் தருகிறது. உள்ளே இருப்பதன் காரணி எதுவும் 1009-க்குக் குறையாது. ஆகவே உள்ளே இருப்பது 1027243729-க்குக் கீழே, அதாவது 1009-இன் முப்படிக்குக் கீழே இருந்தால், ஒன்று அது பகா எண், இல்லையேல் சரியாக இரண்டு பகா எண்களின் பெருக்கல். மூன்றாவது வழி இல்லை. அதற்கு மேலே போனால்தான் மூன்று காரணிகள் வர இடமுண்டு. நான்குக்கு வாய்ப்பே இல்லை.

மீதி வேலையை நாம் முடிப்பது எப்படி?

முதலில் ஒரே ஒரு வர்க்கமூலம் போட்டுப் பார்க்க வேண்டும். இது ஃபெர்மாவின் முறை. காரணிகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒரு நிமிஷத்தில் மாட்டும். √1022117 = 1010.998022. அடுத்த முழு எண் 1011. அதன் வர்க்கம் 1022121. கழித்தால் 4, அதுவே ஒரு வர்க்கம். ஆகவே காரணிகள் 1011 − 2, 1011 + 2. அதாவது 1009, 1013. முடிந்தது. கழித்து வருவது வர்க்கமாக இல்லையென்றால் 1012, 1013 என்று ஒவ்வொன்றாக ஏற வேண்டும். ஐந்தாறு படிக்குள் அகப்படாவிட்டால் விட்டுவிடுங்கள். காரணிகள் தள்ளித் தள்ளி இருந்தால் இந்த முறை ஏறிக்கொண்டே போகும்.

அப்படித் தள்ளி இருக்கும் எண்ணுக்கு 2²⁹ − 1 நல்ல உதாரணம். 536870911. கால்குலேட்டர் 233 × (2304167) என்கிறது. வர்க்கமூலம் 1517.9 சொச்சம். ஃபெர்மா முறையில் போனால் 1518-இலிருந்து 1596 வரை ஏற வேண்டியிருக்கும், எழுபத்தொன்பது முயற்சி. ஆனால் இந்த எண் பிறந்த விதம் நமக்குத் தெரியும் இல்லையா? 2-இன் பகா அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும், அடுக்கின் இருமடங்கால் வகுத்தால் 1 மிஞ்சும். இங்கே 58-ஆல் வகுத்தால் 1. கூடவே 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மிஞ்ச வேண்டும். 1009-க்கும் 1517-க்கும் நடுவில் 58-இன் மடங்கோடு ஒன்று சேர்ந்த முதல் எண் 1045. அது 5-இல் முடிகிறது, தள்ளலாம். அடுத்தது 1103. 8-ஆல் வகுத்தால் 7, பொருந்துகிறது. 2304167 ÷ 1103 = 2089. முதல் வகுத்தலிலேயே ஆட்டம் முடிந்தது. 2089 நான்கு இலக்கம்தான், 1018081-க்கு வெகு கீழே. 1103-உம் அப்படியே. இரண்டையும் ஃபேக்ட்டில் தனித்தனியாகப் போட்டால் அடைப்புக்குறி இல்லாமல் பகா எண் என்று உறுதியாகும்.

6700417-க்கும் இதே வைத்தியம். 2³² + 1-இன் பகாக் காரணிகள் எல்லாம் 128-இன் மடங்கைவிட ஒன்று அதிகமானவை. வர்க்கமூலம் 2588.5. அதுவரை உள்ள பகா எண்களில், கருவி ஏற்கெனவே பார்த்துவிட்ட 168 போக, 208 மிச்சம் இருக்கின்றன. ஆனால் 128-இன் மடங்கோடு ஒன்று சேர்ந்தவை அவற்றில் இரண்டே இரண்டு: 1153, 1409. மற்றபடி 1025, 1281, 1537, 1665 என்று வருவதெல்லாம் தாமே உடைந்துவிடும் எண்கள். 6700417 ÷ 1153 = 5811.289679. 6700417 ÷ 1409 = 4755.441448. இரண்டும் மீதியின்றி வகுபடவில்லை. ஆக 6700417 பகா எண். இது உத்தேசம் இல்லை, நிரூபணமே. 208 வகுத்தல் செய்ய வேண்டிய இடத்தில் இரண்டு போதுமானதாயிற்று.

எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாதபோது இந்தச் சலுகை கிடையாது. அப்போது உதவிக்கு வருவது மீப்பெரு பொதுக் காரணி. 991இஎக்ஸில் ஆல்ஃபா அழுத்திப் பெருக்கல் பொத்தான். பத்து இலக்கம் வரை எடுக்கும். பகா எண்களை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதற்குப் பதில் மூன்று மூன்றாகப் பெருக்கி வைத்துக்கொள்ளலாம். 1009 × 1013 × 1019 = 1041537223. இதற்கும் நம் எண்ணுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 1 என்று வந்தால் மூன்றும் ஒரே அடியில் கழிந்தன. 1 அல்லாமல் வேறு ஏதாவது வந்தால் அதிலேயே காரணி இருக்கிறது. 2150-ஐ நெருங்கும்போது மூன்றின் பெருக்கல் பத்து இலக்கத்தைத் தாண்டிவிடும். அங்கிருந்து இரண்டிரண்டாகப் போக வேண்டும். அடைப்புக்குறிக்குள் ஏழு இலக்கம் இருந்தால், மிக மோசமான நிலையிலும் பார்க்க வேண்டியவை 278 பகா எண்கள். நூறு தட்டல் சொச்சம், ஒரு மாலைப்பொழுதில் முடியும். பத்து இலக்கம் இருந்தால் ஒன்பதாயிரத்துக்கு மேல். அப்போது கால்குலேட்டரைக் கீழே வைத்துவிடுவதே உத்தமம். 2147483647 அப்படி ஒன்று. 2³¹ − 1. ஃபேக்ட் அதை அடைப்புக்குறிக்குள் வைத்துவிட்டு ஒதுங்கும். ஆய்லர் 1772-இல் அது பகா எண் என்று தெரிவித்தார், ஃபேக்ட் பொத்தான் இல்லாமலேயே. அதே எண்தான் இந்தக் கருவியின் ‘பேஸ்-என்’ பயன்முறையின் உச்சவரம்பும். இரும எண் கணக்குக்காக அங்கே போகிறவர்கள் 2³²-ஐ அங்கே தேட வேண்டாம்.

பத்து இலக்கம் என்ற வேலியைச் சில சமயம் தாண்டலாம். ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட கட்டுரையில், தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களுக்கு ஒரு நீண்ட அட்டவணை போட்டிருந்தார். அதில் ஒன்று விட்டுப்போயிற்று: 293318625600. பன்னிரண்டு இலக்கம், ஃபேக்ட் ஏற்காது. ஆனால் கடைசியில் இரண்டு சுழி இருக்கிறதே. 100-ஆல் வகுத்தால் 2933186256, சரியாகப் பத்து இலக்கம். இப்போது ஃபேக்ட் அழுத்தினால் 2⁴ × 3⁴ × 7² × 11 × 13 × 17 × 19 என்று ஓர் அடைப்புக்குறிகூட இல்லாமல் கொட்டுகிறது. 100-க்குரிய 2² × 5²-ஐக் கையால் சேர்த்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. அடுக்குகள் ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. இந்த வகுத்தி எண்ணிக்கையைக் கருவி தானாகச் சொல்லாது. வகுத்திகளின் கூட்டுத்தொகையும் சொல்லாது. பிரித்துத் தருவதோடு அதன் பொறுப்பு தீர்ந்தது. பெரிய குறையில்லை, பிரித்த பிறகு மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

இன்னொரு வேலி மறைந்திருக்கும் இலக்கங்கள். திரை காட்டுவது பத்து, உள்ளே வைத்திருப்பது பதினைந்து. 2⁴⁰ போட்டால் 1.099511628 × 10¹² என்று வரும். கடைசி இலக்கங்கள் தொலைந்துபோகவில்லை. அதிலிருந்து 1.0995 × 10¹²-ஐக் கழித்தால் 11627776 வெளியே வரும். ஒட்டினால் 1099511627776. பதினைந்து இலக்கம் வரை இந்தத் தந்திரம் பலிக்கும். 2⁴⁰ + 1-ஐ 257-ஆல் வகுத்தால் 4278255361 என்று பத்து இலக்கம் முழுசாகக் கிடைப்பதும் இதனால்தான்.

பதினைந்தைத் தாண்டினால் கதை வேறு. 2⁶⁷ − 1-இலிருந்து 2⁶⁷-ஐக் கழித்துப் பாருங்கள். −1 வர வேண்டும். வருவது 0. எந்த எச்சரிக்கையும் கிடையாது, அடைப்புக்குறி கிடையாது, ‘எரர்’ கிடையாது. 21 இலக்க எண்ணின் கடைசி ஆறு இலக்கம் உள்ளேயே இல்லை, அதனால் ஒன்றைக் கழித்ததும் தெரியவில்லை. இதே நிலையில் அந்த எண்ணை ஏதாவது ஒன்றால் வகுத்து ‘மீதி இல்லாமல் போகிறதா’ என்று பார்த்தால் கிடைக்கும் விடைக்கு மதிப்பே இல்லை. அடிப்படைக் கணக்கில் இப்படி ஓசைப்படாமல் முழுங்கும் கருவி, ஃபேக்ட் என்று வந்தவுடன் அடைப்புக்குறி போட்டு நேர்மையாக நடந்துகொள்வது வேடிக்கைதான். கேசியோவை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. எக்செல்லில் பதினாறு இலக்க எண்ணைத் தட்டினால் பதினாறாவது இலக்கம் சுழியாகிவிடும். வங்கி அட்டை எண்களை அப்படியே எண்ணாகத் தட்டி வைத்தவர்களுக்கு அதன் வலி தெரியும். உலாவியில் ஓடும் சாதாரணக் கால்குலேட்டர்கள் பலவும் 9007199254740993-ஐக் கொடுத்தால் கடைசி 3-ஐ 2 ஆக்கிவிடும். ஒரு கருவியைப் பெரிய எண்ணுக்கு நம்பலாமா என்று பார்க்க இதுவே சுலபமான சோதனை: அந்தப் பதினாறு இலக்கத்தைத் தட்டி அப்படியே திரும்புகிறதா என்று பார்க்கவும்.

ஃபேக்ட் எட்டாத எண்களுக்கு மாற்று என்ன? மூன்று இருக்கின்றன, மூன்றும் இலவசம்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ‘ஃபேக்டர்’ என்ற கட்டளை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. எண்ணைப் பக்கத்தில் போட்டு என்டர் தட்டினால் காரணிகளை வரிசையாகச் சொல்லும். பெரிய எண்ணுக்கு அது நம்பியிருப்பது போலார்டின் ரோ முறை. அதற்கு ஆகும் நேரம் எண்ணின் நீளத்தைப் பொறுத்ததில்லை, கண்டுபிடிக்க வேண்டிய காரணியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒன்பது இலக்கக் காரணி என்றால் சில பத்தாயிரம் படி, கண்மூடித் திறப்பதற்குள் வரும். 25 இலக்கப் பகா எண்கள் இரண்டைப் பெருக்கிக் கொடுத்தால் லட்சம் கோடிக் கணக்கில் படிகள். திரை அப்படியே நிற்கும், எவ்வளவு முடிந்தது என்றும் சொல்லாது. தொங்கிவிட்டதோ என்று நினைத்து மூடுபவர்கள் உண்டு. அது வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

பிரான்சில் போர்தோ பல்கலைக்கழகத்தில் உருவான பாரி-ஜிபி அடுத்தது. எண் கோட்பாட்டுக்காரர்களின் அன்றாடக் கருவி. காரணிகளை இரண்டு நிரலாகத் தரும், இடப்பக்கம் பகா எண், வலப்பக்கம் அடுக்கு. வகுத்திகளின் எண்ணிக்கை, கூட்டுத்தொகை, ஆய்லர் சார்பு (எண்ணோடு 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாத சிறிய எண்கள் எத்தனை என்பது) எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டளை. ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். இயல்பான அமைப்பில் அது தரும் பெரிய காரணிகள் ‘பகா எண்ணாகவே நடந்துகொள்பவை’, நிரூபிக்கப்பட்டவை அல்ல. அது பயன்படுத்தும் சோதனை 2⁶⁴ வரை ஒருமுறைகூடத் தவறாது என்று சரிபார்க்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேலும் இதுவரை தவறியதாக ஓர் எண்கூட அகப்படவில்லை. ஆனாலும் நிரூபணம் வேண்டுமென்றால் அதற்கென்று உள்ள அமைப்பை மாற்ற வேண்டும். கேசியோ போடும் அடைப்புக்குறி போல ஓர் அடையாளத்தை இது திரையில் காட்டுவதில்லை, கையேட்டைப் படித்தவருக்குத்தான் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் கைக்கருவிக்கே என் ஓட்டு.

நிறுவுவதற்கு ஒன்றும் வேண்டாம், உலாவி போதும் என்பவர்களுக்கு, அர்ஜென்டினாவின் டாரியோ ஆல்பர்ன் நடத்தும் ஆல்பர்ட்ரான் தளத்தின் காரணிப் பக்கம். கணக்கு நம் கணினியிலேயே நடக்கிறது. எண்ணாகவும் கொடுக்கலாம், 2⁶⁷ − 1 என்று கோவையாகவும் கொடுக்கலாம். தொடர்பெருக்கமும் ஃபிபொனாச்சி எண்ணும்கூட ஏற்கும். முதலில் நீள்வட்ட வளைவு முறையில் சிறிய காரணிகளைத் தேடும், பிறகு தேவைப்பட்டால் இருபடிச் சல்லடைக்கு மாறும். நடுவில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருப்பது பெரிய ஆறுதல். காரணிகளுக்குக் கீழே வகுத்திகளின் எண்ணிக்கை, அவற்றின் கூட்டுத்தொகை, ஆய்லர் சார்பு, வர்க்கங்களின் கூட்டலாக எழுதிய வடிவம் எல்லாம் வரிசையாக வந்துவிடும். நம்மவர்களுக்கு ஒரே உறுத்தல், இலக்கங்களை ஆறாறாகக் கூறுபோட்டுக் காட்டுவது. கோடி லட்சத்தில் படித்துப் பழகிய கண்ணுக்குக் கொஞ்சம் தடுக்கும். எத்தனை இலக்கத்துக்கு ஓர் இடைவெளி என்பதை அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம்.

இந்தப் பக்கத்தில் 2⁶⁷ − 1-ஐக் கொடுத்தால் கண் சிமிட்டுவதற்குள் 147573952589676412927 = 193707721 × 761838257287. பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 1876-இலேயே இது பகு எண் என்று காட்டிவிட்டார். ஆனால் காரணி எது என்று அவருடைய முறையால் சொல்ல முடியவில்லை. பகு எண் என்று தெரிவதும் எதன் பெருக்கல் என்று தெரிவதும் இரண்டு வேறு வேலைகள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. காரணிகளை 1903-இல் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டினார். வகுத்திகள் நான்கு. கூட்டுத்தொகை 147573953351708377936. ஆய்லர் சார்பு 147573951827644447920. வர்க்கங்கள் என்ற இடத்தில் நான்கு வர்க்கங்கள் வரும். 8-ஆல் வகுத்து 7 மிஞ்சும் எந்த எண்ணையும் மூன்று வர்க்கங்களால் எழுத முடியாது, அதனால் நாலு கட்டாயம்.

திரையில் வந்ததை நகலெடுக்கும்போது ஓர் இலக்கம் பிசகினால் எல்லாம் வீண். மறுபடி 991இஎக்ஸுக்கே வரலாம், இந்தச் சரிபார்ப்புக்கு அது தாராளம். முதல் காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 37, இரண்டாவதற்கு 64, பெருக்குத்தொகைக்கு 109. மூன்றையும் 9-ஆல் வகுத்தால் 1 மிஞ்சுகிறது. 1 × 1 = 1, பொருந்துகிறது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் இந்தச் சோதனை கண்டுபிடிக்காது. அதற்கு அடுத்த படி, கடைசி ஐந்து இலக்கங்களை மட்டும் பெருக்குவது. 7721 × 57287 = 442312927. ஒன்பது இலக்கம், திரையில் முழுசாக நிற்கும். அதன் கடைசி ஐந்து 12927. பெரிய எண்ணின் வாலும் 12927.